சென்னை வெள்ளம்: புது அணையா, பழைய ஏரியில் காலி இடமா?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015க்கு முன்பு இந்த எண்கள் பொதுப்பணித் துறைக்காரர்களோடு நின்றுவிட்டன. இப்போது நவம்பர் பிறந்தால் டீக்கடையில்கூட "ஏரி இருபத்திரண்டு அடி வந்துடுச்சாமே" என்ற பேச்சுதான். அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி இரவு அங்கிருந்து வினாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றை நோக்கி இறங்கியது. ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. விமான நிலையம் நாள் கணக்கில் மூடிக் கிடந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் ஒரே கேள்வி வருகிறது: இன்னும் இரண்டு அணை கட்டினால்தான் என்ன? கேள்வியில் தப்பில்லை. ஆனால் பணத்தையும் நிலத்தையும் போடுவதற்கு முன்னால், மற்ற வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது நீர்த்தேக்கம் குடிநீருக்கு வேண்டும், கட்டட்டும். வெள்ளத்தைத் தாங்க வேண்டியது காலி இடம். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே நம் கையில்தான் இருக்கிறது, ஆனால் அதை நாம் அப்படிப் பயன்படுத்துவதில்லை.

நவம்பர் 30இல் ஒரு பொறியாளர்

குடிநீர் ஏரி நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத் தடுப்பு ஏரி காலியாக இருக்க வேண்டும். சென்னையில் ஒரே ஏரியிடம் இரண்டையும் கேட்கிறோம், அதுவும் ஒரே மூன்று மாதத்துக்குள்.

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை, அப்புறம் தெற்கே வீராணம், ஆறையும் சேர்த்தால் 13.2 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). நகரத்துக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு டிஎம்சி கிட்டத்தட்ட ஒரு மாதத்துக்கு வரும். வடகிழக்குப் பருவமழை போனால் அடுத்த வாய்ப்பு அடுத்த அக்டோபர்தான். 2018இல் அந்த மழை பொய்த்தது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

இப்போது ஒரு நவம்பர் 30ஆம் தேதி மாலையில், ஏரிக்கரையில் இருக்கும் பொறியாளரின் இடத்தில் நின்று பாருங்கள். அளவுகோல் 22 அடி காட்டுகிறது. வங்கக் கடலில் ஒரு தாழ்வு. ஷட்டரைத் தூக்கிவிட்டு மழை ஆந்திரா பக்கம் போய்விட்டால், மே மாதம் லாரிக்காக வரிசையில் நிற்கும் ஊரே அவரைத் திட்டும். தூக்காமல் இருந்து 47 செ.மீ. மழை கொட்டினால் விசாரணை. செம்பரம்பாக்கத்தில் 2015இல் ஒரே நாளில் பெய்தது அவ்வளவு மழை. மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று காத்திருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று எழுதியது. அரசு அதை ஏற்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், ஒரு தனி மனிதரின் அன்றைய துணிச்சலை நம்பி ஒரு நகரம் தூங்கக் கூடாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அந்த ஊர்கள் மூழ்கியதற்குச் செம்பரம்பாக்கம் காரணமே இல்லை. ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம், படப்பை பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர் அது. அங்கே ஷட்டரும் இல்லை, அதைத் தூக்க ஆளும் இல்லை. அடையாற்று வெள்ளம் முழுவதையும் ஒரே ஏரியின் தலையில் கட்டிவிட்டுப் பேசினால், தீர்வும் பாதிதான் வரும்.

புது நீர்த்தேக்கம் எவ்வளவு பிடிக்கும்?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வினாடிக்கு 29,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 2.5 டிஎம்சி. 2020 நவம்பரில் திறந்த தேர்வாய்கண்டிகையின் கொள்ளளவு அரை டிஎம்சி. ஆக, அந்த ஒரு நாள் தண்ணீரைப் பிடிக்க ஐந்து தேர்வாய்கண்டிகை வேண்டும், அதுவும் ஐந்தும் அன்று காலியாக இருக்க வேண்டும். அந்த ஒன்றைக் கட்டவே 380 கோடி ரூபாய், ஏறத்தாழ 1,500 ஏக்கர், 2013இல் தொடங்கி ஏழு வருடம்.

ஏன் இவ்வளவு நிலம்? சென்னையைச் சுற்றி மலையிடுக்கு கிடையாது. மேட்டூரிலோ பவானிசாகரிலோ ஆற்றைக் குறுக்கே மறித்தால் பள்ளத்தாக்கே தொட்டியாகிவிடும். இங்கே நிலம் தாம்பாளம் மாதிரி. நீளமாகக் கரை போட்டு, ஆழமில்லாமல் பரப்பித்தான் தேக்க முடியும். செம்பரம்பாக்கமே 25 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இன்றைக்கு அப்படி ஒரு 25 சதுர கிலோமீட்டரை யார் தருவார்கள், என்ன விலைக்குத் தருவார்கள்?

கோவளம் அருகே 1.6 டிஎம்சியில் ஒரு நீர்த்தேக்கம் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது. குடிநீருக்கு உதவலாம், பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கத்துக்கு அவசியமும் இருக்கிறது. ஆனால் இடத்தைப் பாருங்கள். அது கடலோரம். அடையாற்றின் மேற்பகுதியில் பெய்யும் மழைக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. 'வெள்ளத் தடுப்பு' என்ற பெயரில் விற்கப்படும் ஒவ்வொரு நீர்த்தேக்கத்திடமும் நான் முதலில் கேட்பது, அது எந்த ஆற்றின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைத்தான்.

இந்தியாவில் வெள்ளத்துக்காகவே நகரத்துக்கு மேலே அணை கட்டிய ஊர் ஹைதராபாத். 1908 செப்டம்பர் 28ஆம் தேதி மூசி ஆறு ஊரையே அடித்துக்கொண்டு போனது, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். நிஜாம் அரசு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தது. அவர் ஆற்றின் போக்கைப் படித்துவிட்டு, நகரத்துக்கு மேலே தண்ணீரைத் தடுத்து நிறுத்தச் சொன்னார். மேலே இருந்த ஏராளமான ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்ததும் வெள்ளத்துக்குக் காரணம் என்று கண்டார். மூசியில் உஸ்மான் சாகர் 1920இல், அதன் துணையாறான ஈசியில் ஹிமாயத் சாகர் 1927இல் முடிந்தன. நல்ல வேலை. ஆனால் நாளடைவில் இரண்டும் நகரத்தின் குடிநீர்த் தொட்டிகளாயின, நிறைத்து வைப்பதே நோக்கமாகிப்போனது. 2020 அக்டோபரில் ஹைதராபாத் மூழ்கியபோது அணைகளுக்குக் கீழே, நகரத்துக்குள்ளேயே பெய்த மழையும் உடைந்த ஏரிகளும்தான் பெரிய சேதத்தைச் செய்தன. அதாவது 1908 வெள்ளத்தில் கண்ட அதே ஏரிப் பிரச்சினை, இந்த முறை அணைக்குக் கீழே.

மேல்மாடி காலியாக இருக்கட்டும்

குடிநீரையும் வெள்ளத்தையும் ஒரே அணையில் வெளிப்படையாகப் பிரித்து வைத்திருக்கும் ஊர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன். 1974 வெள்ளத்துக்குப் பிறகு எண்பதுகளில் முடிந்த வைவன்ஹோ அணையில் 100 சதவீதம் என்றால் குடிநீர்ப் பகுதி நிறைந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேலே இருப்பதெல்லாம் வெள்ளத்துக்கென்று ஒதுக்கிய வெற்றிடம். 2011 ஜனவரியில் அது 190 சதவீதத்தைத் தொட்டது.

அப்படியும் நகரம் மூழ்கியது. அதற்கு முன் பல ஆண்டுப் பஞ்சம். 2007இல் அந்த வட்டார அணைகள் 20 சதவீதத்துக்கும் கீழே போயிருந்தன. கஷ்டப்பட்டுச் சேர்த்த தண்ணீரை மழைக்கு முன்பே திறந்துவிட யாருக்கு மனசு வரும்? சென்னைக்காரர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கு பல வருடம் இழுத்தது. 2019இல் ஒரு நீதிமன்றம் அணையை இயக்கியதில் கவனக்குறைவு என்றது, 2021இல் மேல்முறையீட்டில் அணையை நடத்திய நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பானது. வெள்ளம் வடிந்த கையோடு, பிப்ரவரியில், அரசு அணையின் குடிநீர்ப் பகுதியையே 75 சதவீதத்துக்கு இறக்கச் சொன்னது.

வைவன்ஹோவைச் சென்னைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. அதன் குடிநீர்ப் பகுதி மட்டும் 41 டிஎம்சி, வெள்ளத்துக்கான இடம் தனியாக 50க்கு மேல். நம் ஏரிகள் ஆறும் சேர்ந்தே 13தான். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மேல்மாடி யோசனையை.

செம்பரம்பாக்கத்தில் மேல் 2 அடி ஏறத்தாழ அரை டிஎம்சி. ஒரு தேர்வாய்கண்டிகைக்குச் சமம், நிலம் வாங்க வேண்டாம், கரை போட வேண்டாம். வரத்து இல்லாத நேரத்தில் வினாடிக்கு 5,000 கன அடி விட்டால் 24 அடியிலிருந்து 22க்கு இறங்க ஒன்றேகால் நாள் போதும். அந்த அளவு தண்ணீரை அடையாறு சிரமமில்லாமல் கொண்டுபோய்விடும்.

சரி, அதனால் 2015 தடுக்கப்பட்டிருக்குமா? இருக்காது. 29,000 கன அடி வேகத்தில் அந்த 2 அடி ஐந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். 4 அடி விட்டால் ஏறத்தாழ பத்து மணி நேரம். ஆனால் அந்த மணி நேரங்களை லேசாக எடைபோடக் கூடாது. மணிமங்கலம் பக்கத்துத் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் ஒரே சமயத்தில் திருநீர்மலையில் சந்திக்காமல் இருக்க அது போதுமானதாக இருக்கலாம். நள்ளிரவில் வீட்டுக்குள் வரும் தண்ணீர் விடிந்த பிறகு வந்தால், மாடிக்கு ஏறவாவது வழி தெரியும்.

பயம் என்னவோ குடிநீர்தான். அரை டிஎம்சி என்றால் நகரத்துக்கு இரண்டு வாரத் தண்ணீர். இங்கேதான் நிலைமை 2015இலிருந்து மாறியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இரண்டாவது ஆலை நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் திறனோடு வந்தது. அது மட்டுமே மூன்று மாதத்துக்குச் சற்று மேல் ஓடினால் அந்த 2 அடித் தண்ணீரைத் தந்துவிடும். பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலை முழு வீச்சில் ஓடினால் வருடத்துக்கு 5 டிஎம்சி. கடல்நீர் ஆலையை யாரும் வெள்ளத் தடுப்புத் திட்டம் என்று எழுதுவதில்லை. என் கணக்கில் அதுவும் ஒன்றுதான், ஏரியைக் கொஞ்சம் காலியாக வைக்கும் தைரியத்தை அது கொடுக்கிறது. விலை மலிவான தண்ணீர் இல்லை, மின்சாரச் செலவு உண்டு. ஆனால் அந்தச் செலவை 1,500 ஏக்கரின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கதவில்லாத அணை

எனக்குப் பிடித்த உதாரணம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டேடன். 1913 மார்ச்சில் மயாமி ஆறு அந்தப் பள்ளத்தாக்கில் 360க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஊர்க்காரர்களே பணம் திரட்டினார்கள். ஆர்தர் மார்கன் என்ற பொறியாளர் வடிவமைத்த ஐந்து மண் அணைகள் 1922இல் முடிந்தன. 1913 வெள்ளத்தைவிட 40 சதவீதம் அதிகம் வந்தாலும் தாங்கும்படி கணக்கு.

அந்த அணைகளில் தண்ணீர் தேங்குவதில்லை. அடியில் கான்கிரீட் துவாரம், எப்போதும் திறந்தே இருக்கும், கதவே கிடையாது. சாதாரண நாளில் ஆறு தன் பாட்டுக்கு அதன் வழியே ஓடும். வெள்ளம் வந்தால் துவாரத்தின் அளவுக்கு மட்டும் தண்ணீர் வெளியேறும், மிச்சம் பின்னால் தேங்கி, சில நாளில் தானாக வடியும். துவாரத்தின் அளவு, கீழே ஊருக்குள் ஆறு எவ்வளவு தாங்குமோ அதற்குத் தக்கபடி. யாரும் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம், இரவில் யாரையும் எழுப்ப வேண்டாம். நூறாண்டில் இரண்டாயிரம் தடவைக்கு மேல் அவை தண்ணீரைத் தடுத்து நிறுத்தியிருக்கின்றன. நவம்பர் 30 பொறியாளரின் பிரச்சினை அங்கே இல்லவே இல்லை.

விலை? நிலம். தண்ணீர் தேங்கும் பரப்பில் விவசாயம் செய்யலாம், வீடு கட்டக் கூடாது. ஆஸ்பர்ன் என்ற சிற்றூர் ஓர் அணையின் தேங்குபரப்பில் மாட்டிக்கொண்டது. வீடுகளையே பெயர்த்து நகர்த்திக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்தார்கள்.

அந்த நிலத்தைக் கையில் வைத்துக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹூஸ்டன் இருக்கிறது. அங்கே நாற்பதுகளில் கட்டிய ஆடிக்ஸ், பார்க்கர் இரண்டும் இதே மாதிரி காய்ந்து கிடக்கும் தேக்கங்கள். ஆனால் முழு வெள்ளமும் தேங்கும் எல்லை வரைக்கும் அரசு நிலத்தை வாங்கவில்லை. நகரம் மேற்கே வளர்ந்தது, காய்ந்த இடத்தில் மனை விழுந்தது. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது அந்த எல்லைக்குள் 14,000 வீடுகள் இருந்தன. அணை தாங்காது என்று தண்ணீரைத் திறக்க, கீழே இருந்தவர்களும் மூழ்கினார்கள். மேலே மூழ்கியவர்களுக்கு அரசு பொறுப்பு என்று 2019இல் நீதிமன்றம் சொன்னது.

நமக்கு இது புதிதா என்ன? மாம்பலத்தின் பெரிய ஏரியை 1920களில் வடித்துவிட்டுத்தான் தியாகராய நகர் வந்தது. 2021 நவம்பரில் அங்கே தண்ணீர் நின்றபோது 'இங்கே எப்படித் தண்ணீர்' என்று ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு. முகப்பேரில் ஏரித் திட்டம் என்றே குடியிருப்புக்குப் பெயர்.

சென்னையின் டேடன் அணைகள் புதிதாகக் கட்ட வேண்டியவை அல்ல. அடையாற்றின் மேற்பகுதியில் நூற்றுக்கணக்கான ஏரிகள் ஒன்றின் உபரி அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாக இருக்கின்றன. அவற்றால் பாசனம் பெற்ற ஆயக்கட்டு நிலங்களில் பெரும்பகுதி இன்று மனையாகவும் கம்பெனியாகவும் ஆகிவிட்டது. பாசனத்துக்கு ஏரியை நிறைத்து வைக்கும் அவசியம் பல இடங்களில் குறைந்துவிட்டது. அப்படியிருந்தும் உபரிநீர் வழியும் கலங்கல் பழைய உயரத்திலேயே நிற்கிறது. ஏரி நவம்பர் நடுவிலேயே நிரம்பிவிடுகிறது, டிசம்பர் மழை அப்படியே வழிந்து முடிச்சூருக்குப் போகிறது.

அந்தக் கலங்கலில் ஒரு பகுதியை இறக்கிச் சிறிய ஷட்டர் வைக்கலாம், அல்லது டேடன் மாதிரி கதவே இல்லாத ஒரு துவாரம் விடலாம். அடியில் மூன்று நான்கு அடி தண்ணீர் எப்போதும் இருக்கட்டும், நிலத்தடி நீருக்கும் பறவைக்கும் மாட்டுக்கும் அது வேண்டும். மேலே இருப்பது வெள்ளத்துக்கு. ஒவ்வோர் ஏரியும் பிடிப்பது சொற்பம்தான், ஆனால் அது செம்பரம்பாக்கத்தின் கைக்கு எட்டாத தண்ணீரைப் பிடிக்கிறது. ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கமாக்கும் வேலை இந்தத் திசையில்தான் தொடங்கியது. நிலம் கையகப்படுத்துவதில் இழுத்தடித்தது வேறு கதை.

ஆபத்தும் இதில்தான் அதிகம். காலியாக வைத்த ஏரியில் முதலில் கிரிக்கெட் ஆடுவார்கள், அப்புறம் குப்பை, அப்புறம் குடிசை, அப்புறம் பட்டா கேட்டு மனு. ஷட்டர் வைப்பதற்கு முன்னால் முழு வெள்ளம் நிற்கும் மட்டம் வரை அளந்து, கல் நட்டு, வரைபடத்தைப் பத்திரப்பதிவு அலுவலகம் வரை கொண்டுபோய்ச் சேர்க்காவிட்டால் இந்த வழியைத் தொடவே வேண்டாம் என்பேன்.

நகரத்துக்குள்ளே

டோக்கியோவுக்கு வடக்கே கசுகபேயில் பூமிக்கு 50 மீட்டர் கீழே 6.3 கிலோமீட்டர் வெள்ளநீர்ச் சுரங்கம் இருக்கிறது, படத்தைப் பார்த்தால் கோயில் மண்டபம் போல இருக்கும். ஆண்டுதோறும் யாராவது அதைச் சென்னைக்குப் பரிந்துரைப்பார்கள். மின்சாரம் நின்றால் மோட்டார் எப்படி ஓடும் என்று நம் ஊர் சுரங்கப்பாதைகளைக் கேட்டுவிட்டுப் பேசலாம்.

ஜப்பானிலிருந்து எடுக்க வேண்டியது யோகோஹாமாவை. அங்கே சுருமி ஆற்றோரத்துக் கரையை ஓரிடத்தில் வேண்டுமென்றே தாழ்வாக விட்டு, பூங்காவையும் மைதானங்களையும் தேங்குபரப்பாக்கி, நடுவில் பெரிய ஸ்டேடியத்தைத் தூண்கள் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். 2019 அக்டோபர் 12 இரவு ஹகிபிஸ் புயலில் அந்தப் பூங்கா தண்ணீரை வாங்கிக்கொண்டது. மறுநாள் அதே ஸ்டேடியத்தில் ஜப்பானும் ஸ்காட்லாந்தும் ரக்பி உலகக் கோப்பைப் போட்டி ஆடின. கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் 2024க்குப் பிறகு குளங்கள் வெட்டியது இந்த வகை வேலை. அளவில் சின்னது, ஆனால் வேளச்சேரிப் பக்கம் போகும் தண்ணீரில் கொஞ்சத்தையாவது நிறுத்தும்.

மேலே சொன்ன எந்த அணையும் தெற்கே பள்ளிக்கரணைக்கு உதவாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அங்கே தேங்கியது ஏரி திறந்த தண்ணீர் அல்ல, அங்கேயே பெய்தும் சுற்று ஏரிகளிலிருந்து வழிந்தும் சேர்ந்த மழை. சதுப்புநிலம்தான் அந்தப் பக்கத்து நீர்த்தேக்கம். அதில் மிச்சமிருப்பதைத் தொடாமல் இருப்பதற்கு எந்த டெண்டரும் தேவையில்லை.

எதை முதலில்?

என் வரிசை இது. முதலில் செம்பரம்பாக்கத்தின் இயக்க விதி: அக்டோபரிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை 21 அல்லது 22 அடிக்கு மேல் போகக் கூடாது, அதற்கப்புறம் நிறைக்கலாம். இதை அரசாணையாக, பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும். விதி எழுத்தில் இருந்தால் ஷட்டரைத் தூக்கும் பொறியாளரை அடுத்த கோடையில் யாரும் குற்றவாளியாக்க முடியாது. இரண்டாவது, திருநீர்மலைக்கு மேலே இருக்கும் ஏரிச் சங்கிலி, எல்லைக் கல்லோடு சேர்த்து. அப்புறம் நகரத்துக்குள் பூங்காக்கள். புது நீர்த்தேக்கம் கடைசியில், அதுவும் குடிநீர்த் திட்டம் என்ற நேர்மையான பெயரில்.

டிசம்பர் நடுவுக்குப் பிறகு மழையே பெய்யாவிட்டால் அந்த 2 அடி நிறையாது. அதற்குக் கடல்நீர் ஆலை ஒரு பக்கம் என்றால், கிருஷ்ணா நீர் இன்னொரு பக்கம். 1983 ஒப்பந்தப்படி ஆந்திரா வருடத்துக்கு 12 டிஎம்சி தர வேண்டும், ஜூலை–அக்டோபரில் 8, ஜனவரி–ஏப்ரலில் 4. முழு அளவு ஒரு வருடமும் வந்ததில்லை. வருவதும் பல நேரம் நம் மழைக்காலத்தோடு மோதிக்கொள்கிறது. அக்டோபரில் வந்து ஏரியின் காலி இடத்தை அடைக்கும் தண்ணீரை ஆந்திராவின் கண்டலேறு அணையிலேயே நிறுத்தி வைத்து ஜனவரிக்குப் பிறகு அனுப்பச் சொல்லி இரு மாநில அதிகாரிகளும் உட்கார்ந்து பேசினால், ஒரு மூட்டை சிமெண்ட் செலவில்லாமல் செம்பரம்பாக்கத்துக்கும் புழலுக்கும் மேல்மாடி கிடைத்துவிடும்.